அப்பாக்கள் கேட்கிறார்கள்: ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

குழந்தை மருத்துவர் நான். இரண்டு பெண்களுக்கு அப்பாவும்கூட. அப்பாவாக இருப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து அளவு மட்டும் வேண்டாம். குழந்தையை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டாக்டர், குழந்தை பிறந்து மூன்று வாரம். பால் கொடுப்பது அம்மா, குளிப்பாட்டுவது பாட்டி. நான் வேடிக்கை பார்க்கிற ஆளாக நிற்கிறேன். எனக்கு என்ன வேலை?

பதில்: தாய்ப்பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் முடியாது. மிச்சம் எல்லாமே உங்கள் வேலைதான். குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகை வருடி ஏப்பம் வரவையுங்கள். டயப்பர் மாற்றுங்கள். தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் முன்விளிம்பை அதற்குக் கீழே மடித்துவிட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காயும்.

தினமும் கொஞ்ச நேரம் சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் மூடாமல் இருக்க வேண்டும். முதுகில் ஒரு துணியைப் போர்த்துங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளுக்காக எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. கங்காரு பராமரிப்பு என்பார்கள். அப்பாவின் நெஞ்சும் இதற்குப் போதும்.

குழந்தையைக் கவனிக்கக் கவனிக்க உங்கள் உடம்பும் மாறும். பிலிப்பைன்ஸில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகவே இறங்கியிருந்தது. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. பதற வேண்டாம், ஆண்மை எங்கும் ஓடிவிடாது.

ஒரே எச்சரிக்கை: நெஞ்சில் குழந்தையோடு சோபாவில் தூங்கிவிடாதீர்கள். மூச்சு முட்டும் ஆபத்து அங்கேதான் அதிகம். தூக்கம் வந்தால் குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஆறு வாரக் குழந்தை. சாயங்காலம் ஆனால் இரண்டு மணி நேரம் வீறிட்டு அழுகிறது. பசி இல்லை, காய்ச்சல் இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: அழுகை உச்சத்தில் இருக்கும் வயது இது. மூன்று, நான்கு மாதத்துக்குள் தானாகக் குறையும். அணைத்தபடி நடங்கள், மெல்லத் தாலாட்டுங்கள். எதுவும் பலிக்காத நாளும் வரும். கோபம் தலைக்கேறுவது தெரிந்தால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அழுவதால் எதுவும் ஆகிவிடாது. உலுக்கினால் ஆகும். கழுத்துத் தசைக்கு வலு இல்லாததால் மூளை மண்டையோட்டில் மோதி உள்ளே ரத்தம் கசியும். பார்வையே போகலாம், உயிரே போகலாம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை உலுக்காதீர்கள்.

கேள்வி: எட்டு மாதப் பெண் குழந்தை. நான் தூக்கினால் அழுகிறாள், அம்மாவிடம் தாவுகிறாள். என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: பிடிக்காமல் என்ன? அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிகிறது. அதனால்தான் பிரிவு வலிக்கிறது. தினமும் ஒரு வேலையை முழுதாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள், குளியலோ தூங்கவைப்பதோ. அந்த நேரத்தில் அம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. முதல் சில நாட்கள் அழுவாள். மனைவியைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: என் பையனுக்குப் பத்து மாதம், என்னிடம் வரவே மாட்டேன் என்கிறான்...

பதில்: மேலே உள்ள பதில்தான்.

கேள்வி: ஒரு வயது. அம்மாவை மட்டும்தான்...

பதில்: மேலே. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். எத்தனை சொட்டு மருந்து கொடுக்கலாம்?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் வீட்டு வைத்தியம் கிடையாது. இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பையன் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இரண்டு போட்டால்தான் அடங்குகிறான். தப்பா?

பதில்: தப்பு. அந்த நிமிடம் அடங்குவான், நாளைக்கு அதையே செய்வான். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 75 ஆய்வுகளில் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக் கஷ்டமும்தான் கூடுதலாகத் தெரிந்தன.

மற்றொருவர்: அடியாத மாடு படியாது டாக்டர். எங்கப்பா பெல்ட்டால் வெளுத்தார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில்: நன்றாக இருப்பதில் சந்தோஷம். பெல்ட்டால்தான் நன்றாக இருக்கிறீர்களா, பெல்ட்டையும் மீறி நன்றாக இருக்கிறீர்களா? அந்தப் பெல்ட் இன்றும் நினைவில் இருக்கிறதே, எதற்காக அடித்தார் என்பது நினைவிருக்கிறதா?

மற்றொருவர்: அடங்காத பிள்ளைக்குத்தான் அடி விழும். ஆய்வு தலைகீழாகப் பார்க்கவில்லையா?

பதில்: நியாயமான கேள்வி, ஒரு பகுதி உண்மையும்கூட. அதனால்தான் அதே பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து பல வருடம் பின்தொடரும் ஆய்வுகள் நடந்தன. தொடக்கத்தில் எவ்வளவு சேட்டை என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், அடி வாங்கியவர்களின் முரட்டுத்தனம் பின்னாளில் கூடியதைப் பல ஆய்வுகள் காட்டின.

மற்றொருவர்: சட்டமா போட முடியும்?

பதில்: போட்டிருக்கிறார்கள். சுவீடன் 1979இலேயே வீட்டில் அடிப்பதையும் தடை செய்தது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை உண்டு.

மற்றொருவர்: அப்படியானால் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானா?

பதில்: அடிக்காதே என்றால் கண்டிக்காதே என்று யார் சொன்னது? 1960களிலேயே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இதைப் பிரித்துக் காட்டினார். பாசமும் உறுதியான விதிகளும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள், வெறும் அதட்டலிலோ வெறும் செல்லத்திலோ வளர்ந்தவர்களைவிட நன்றாக வந்தார்கள். பையன் தங்கையை அடிக்கிறானா? மண்டியிட்டு அவன் உயரத்துக்கு இறங்குங்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள். "அடிக்க விட மாட்டேன்" என்று ஒரே வாக்கியம். லெக்சர் வேண்டாம். நாளைக்கும் அதே வாக்கியம், அதே குரல். உங்கள் சோர்வுக்கு ஏற்ப விதி மாறக் கூடாது, கஷ்டம் அதில்தான். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: இதையெல்லாம் படித்தால் பயம்தான் வருகிறது. இதில் சந்தோஷம் எங்கே டாக்டர்?

பதில்: பிறந்த குழந்தை உங்கள் விரலை இறுகப் பிடிக்கும்போது உருகிப்போவீர்கள். உண்மையில் அது வெறும் அனிச்சை, சில மாதங்களில் மறைந்துவிடும். ஆறு, எட்டு வாரத்தில் வரும் சிரிப்பு வேறு. உங்கள் முகத்தைத் தேடி, கண்ணைப் பார்த்து, உதடு விரிவதற்கு முன்பே கால்கள் உதைக்கத் தொடங்கும். அது உங்களுக்கே உங்களுக்கானது. அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: நான்கு மாதமாகிறது. எனக்கு எதிலும் பிடிப்பில்லை. எரிந்து விழுகிறேன், வேண்டுமென்றே அலுவலகத்திலிருந்து தாமதமாக வருகிறேன். குழந்தையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை. வெளியே சொல்ல வெட்கம்.

பதில்: தம்பி, சொன்னதே பெரிய காரியம். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி பத்தில் ஒருவருக்கு. மூன்றிலிருந்து ஆறாவது மாதத்துக்குள் அதிகம். ஆண்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சல், குடி, வேலையில் ஒளிந்துகொள்வது என்று வேஷம் மாற்றி வரும். மனைவிக்கும் இருக்கிறதா என்று கவனியுங்கள், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். குணமாகக்கூடியதுதான். இன்றைக்கே மனைவியிடம் இங்கே எழுதியதை அப்படியே காட்டுங்கள், புதிதாக வார்த்தை தேட வேண்டாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் வாரம் முடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

கேள்வி: பெண் குழந்தைக்கு 'ச'வில் நல்ல பெயர் சொல்லுங்களேன்.

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: நாலு மாதப் பையனை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை பிடி தவறினால் போதும், தலையில்தான் அடிபடும். சிரிப்புதான் வேண்டுமென்றால் துணியால் முகத்தை மூடித் திறங்கள். உலுக்குவது பற்றி மேலே எழுதியதையும் படியுங்கள்.

கேள்வி: டயப்பர் போட்ட இடமெல்லாம் சிவந்திருக்கிறது. பவுடர் போடலாமா?

பதில்: பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். நனைந்ததும் மாற்றுங்கள், தண்ணீரால் கழுவி ஒற்றித் துடையுங்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், துத்தநாக ஆக்சைடு கிரீம் தடவுங்கள். தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.