எதிரி நாட்டுக்காக அழுத தீர்க்கதரிசி

கேள்வி: ஏசாயா, எரேமியா போன்ற எபிரேயத் தீர்க்கதரிசிகள் அண்டை நாடுகளின் அழிவை ஏன் இத்தனை அதிகாரங்களில் சொல்கிறார்கள்? எதிரிகள் மேல் இருந்த வெறுப்பைக் கடவுளின் பெயரால் கொட்டித் தீர்த்தார்களா?

போன வருடம் ஞாயிறு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கிட்டத்தட்ட இதையே என்னிடம் கேட்டான். "அந்த நாடுகள் பாவம் செய்தன, தண்டனை கிடைத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவன் முகம் தெளியவே இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதுவரை வேகமாகப் புரட்டிக் கடந்த ஏசாயா 13 முதல் 23 வரையும், எரேமியா 46 முதல் 51 வரையும் அப்புறம்தான் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன்.

வெறுப்பு இல்லவே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் வெறுப்புதான் காரணம் என்றால் விளங்காமல் போகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. மோவாபை எடுத்துக்கொள்ளுங்கள்.

சவக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்தானில் இருந்த மேட்டு நிலம் அது. ஆடும் திராட்சையும்தான் அதன் செல்வம். அதன் ராஜா மேசா எழுதிவைத்த கல்வெட்டு ஒன்று 1868-இல் திபான் என்ற ஊரில் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு எரிமலைக் கல்லில் 34 வரிகள். காமோஸ் தெய்வம் தன் நாட்டின் மேல் கோபமாக இருந்ததால்தான் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை ஒடுக்கினான் என்கிறான் மேசா. பிறகு காமோஸ் துணைநிற்க, ராத்திரியோடு ராத்திரியாக நேபோ ஊருக்குப் போய், விடியலில் இருந்து நடுப்பகல் வரை போரிட்டு, 7,000 பேரைக் கொன்றதாகவும் எழுதியிருக்கிறான். "இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோயிற்று" என்ற அர்த்தத்திலும் ஒரு வரி உண்டு.

ஆக, தெய்வம் ஒரு நாட்டின் மேல் கோபப்பட்டுத் தண்டிக்கும் என்ற நம்பிக்கை எபிரேயர்களுக்கு மட்டும் உரியதல்ல. மோவாபியரும் அப்படியே நம்பினார்கள். ஆனால் மேசாவின் கல்லில் தோற்றவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

இப்போது ஏசாயா 16-ஐத் திறந்து பாருங்கள். 6-ஆம் வசனம் மோவாபின் பெருமையைச் சொல்கிறது. எபிரேயத்தில் அது காதில் விழும் விதமே தனி: கெஓன், கே, கஅவாதோ, கெஓனோ என்று ஒரே வேரில் பிறந்த சொற்கள் நான்கு முறை இடிக்கின்றன. குற்றச்சாட்டு அவ்வளவு அழுத்தமானது. ஆனால் மூன்றே வசனம் தள்ளி, மோவாபில் இருந்த சிப்மா ஊரின் திராட்சைக் கொடிகளுக்காக ஒரு குரல் அழுகிறது. எஸ்போனே, எலெயாலேயே என்று அங்கிருந்த ஊர்களைக் கூப்பிட்டு, உங்களை என் கண்ணீரால் நனைப்பேன் என்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில், ஆலையில் பழம் மிதிப்பவர்களின் ஆரவாரத்தை ஓயப்பண்ணினது நானே என்று வருகிறது.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆரவாரத்தை ஓயப்பண்ணினவர் கடவுளாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் முந்தின வசனத்தில் அழுகிற "நான்" யார்? தீர்க்கதரிசி என்று பலர் பிரித்துச் சொல்வார்கள். ஆனால் வாசகத்தில் பேசுகிறவர் மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. தண்டிக்கிறவரே அழுகிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். 11-ஆம் வசனத்தில் மோவாபுக்காகக் குடல்கள் சுரமண்டலம்போல் தொனிக்கின்றன. நரம்புகள் அதிர்கிற மாதிரி வயிறு அதிர்கிறது. வெறுப்பவனுக்கு இப்படி அதிருமா?

நம் தமிழ் வேதாகமத்தில் இந்தப் பகுதி "மோவாபின் பாரம்" என்று தொடங்குகிறது. எபிரேயத்தில் "மஸ்ஸா". சுமை என்றும் பொருள், இறைவாக்கு என்றும் பொருள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பாரம் என்றே வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சொல்கிறவன் சுமக்கிறான்.

எல்லாத் தீர்க்கதரிசிகளும் அழவில்லை என்பதும் உண்மை. நாகூம் அசீரியாவின் தலைநகரான நினிவேக்காக அழவில்லை. உன் செய்தியைக் கேட்பவர்கள் எல்லோரும் கைகொட்டுவார்கள் என்றுதான் அவர் புத்தகம் முடிகிறது. காரணத்தையும் அங்கேயே சொல்கிறார்: உன் கொடுமை யார் மேல்தான் பாயவில்லை? அசீரியா என்ன செய்தது என்பதை அவர்களே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கி.மு. 701-இல் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த காட்சிகளை அசீரிய ராஜா சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கினான். கழுவில் ஏற்றப்பட்ட மனிதர்களும் அதில் இருக்கிறார்கள். யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியா ராஜாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகவும் எழுதிவைத்தான். ஏசாயா 10-இலும் அசீரியன் இதே தொனியில்தான் பேசுகிறான்: கூட்டில் விட்டுப்போன முட்டைகளைப் பொறுக்குவதுபோல் பூமியை எல்லாம் வாரிக்கொண்டேன், ஒருவரும் சிறகை அசைக்கவில்லை, கீச்சென்று சத்தமிடவில்லை என்கிறான். வெட்டுகிறவனிடம் கோடரி பெருமை பேசலாமா என்று அவனைக் கேட்கிறார் ஏசாயா. கி.மு. 612-இல் நினிவே விழுந்தது. அந்தக் கைத்தட்டலைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, சொந்த நாட்டுக்கு மட்டும் சலுகை உண்டா? ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரங்களைப் படியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலும் இருந்த எல்லோர் மேலும் குற்றம் சாட்டுகிறார். இதில் மோவாபின் குற்றம் என்ன தெரியுமா? ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இஸ்ரவேலுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. எதிரி ஒருவன் இன்னொரு எதிரியின் பிணத்தை அவமதித்திருக்கிறான், அதற்கும் கணக்குக் கேட்கப்படுகிறது. கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர்கள் இதுவரை தலையாட்டியிருப்பார்கள். அப்புறம் எபிரேயர்களின் சொந்த நாடுகள் இரண்டும் வருகின்றன, முதலில் யூதா, கடைசியில் இஸ்ரவேல்: ஒரு ஜோடு செருப்புக்கு ஏழையை விற்கிறீர்களே! ஆறாம் அதிகாரத்தில், ஏசாயாவில் மோவாபைக் குற்றம் சாட்டிய அதே "கெஓன்" என்ற சொல்லை வைத்தே, யாக்கோபின், அதாவது இஸ்ரவேலின், பெருமையை வெறுக்கிறேன் என்கிறார் கடவுள். கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவும் விழுந்தது.

அந்தப் பையனைப் போன மாதம் மறுபடி உட்காரவைத்து, எரேமியா 48-ஐ முழுவதும் வாசிக்கச் சொன்னேன். 46 வசனம் மோவாபின் அழிவு. 47-ஆவதில், கடைசி நாட்களில் மோவாபின் சிறையிருப்பைத் திருப்புவேன், அதாவது இழந்த வாழ்வைத் திரும்பத் தருவேன் என்று இருக்கிறது. அவன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "மோவாப் ரூத்தோட ஊர்தானே சார்?" என்று கேட்டான். ஆமாம், இஸ்ரவேலின் ராஜா தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத்தின் ஊர்தான்.