பாடாட்டி வலை வராது

அன்புள்ள அண்ணா,

அப்பா தனுஷ்கோடிப் பக்கம் முப்பது வருடம் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது அவர் பாடும் அம்பாப் பாட்டில் ஏலேலோ, ஐலசா என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு என்ன பொருள்? களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்கள் என்று கல்லூரியில் படித்தேன். அப்பா அதை ஒப்புக்கொள்வதில்லை, "பாடாட்டி வலை வராதுடா" என்கிறார். செல்போனில் பதிவு செய்யலாம் என்று அவரை உட்காரவைத்தால் நாலு வரிக்கு மேல் வரவில்லை.

ம., ராமேஸ்வரம்

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வதுதான் சரி. களைப்புக்கு மருந்து என்ற விளக்கத்தை நானும் படித்து வளர்ந்தவன்தான். கரைவலை இழுப்பதை ஒரு காலை முழுக்க உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்த பிறகு அதை நம்ப முடியவில்லை.

வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வந்தது. இரண்டு கயிறும் கரையில் இரண்டு கூட்டத்தார் கையில். நடுவே நல்ல தூரம். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். அலை இரைச்சலில் "இப்ப இழு" என்று ஒருவர் கத்தினால், காதில் விழுந்த பிறகு ஆளுக்கொரு நேரத்தில்தான் இழுப்பார்கள். பாட்டு இருந்தால் அடுத்த இழுப்பு எப்போது என்பது கைக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதனால்தான் அத்தனை கையும் ஒன்றாக விழுகிறது.

ஒரு பெரியவர் அடியெடுத்துப் பாடினார். அவர் பாடும்போது மற்றவர்கள் கயிற்றில் பிடியை மாற்றி, குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு எல்லோரும் 'ஐலசா' என்றபோது, 'ஐ'யில் உடம்பு பின்னால் சாயத் தொடங்கியது, 'சா'வில் கயிறு வந்தது. பளு இழுக்கும்போது எல்லோரும் தம் கட்டுவோம் இல்லையா? சேர்ந்து குரல் கொடுத்தால் மூச்சை எடுப்பதும் விடுவதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நடந்துவிடுகிறது. மீன் சேரும் பை போன்ற வலையின் மடி கரையை நெருங்கிப் பளு கூடியதும் பெரியவரின் அடிகள் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் வெறும் ஐலசா, ஐலசா மட்டும்தான். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, பொருளுக்கு வருவோம். ஏலேலசிங்கன் என்ற வணிகனின் பெயர்தான் ஏலேலோ ஆயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை. ஆனால் கயிறு பிடித்தவனுக்கு அந்தக் கதை தேவைப்படுவதில்லை. பொருள் இல்லாததால் அந்த ஒலியை இழுப்புக்குத் தக்கபடி நீட்டலாம், குறுக்கலாம். புதிதாக வந்து கயிற்றைத் தொட்டவனும் முதல் தடவையே சேர்ந்துகொள்ளலாம். சாமி, கேலி, வீட்டுக் கவலை எல்லாம் அடியெடுப்பவர் வரியில் வரும், நாளுக்கு நாள் மாறும். பதில் மாறவே மாறாது, ஏனென்றால் வேலை நடப்பது அதில்தான்.

கிணற்றிலிருந்து ஏற்றத்தால் தண்ணீர் இறைத்தவர்கள் பாட்டை வைத்து இன்னொன்றும் செய்தார்கள். இத்தனை சால், அதாவது இத்தனை வாளித் தண்ணீர், இறைத்தாயிற்று என்ற கணக்கையே பாட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க அதுவே வழி.

அப்புறம், அப்பாவுக்கு நாலு வரிக்கு மேல் வராததை மறதி என்று நினைக்காதீர்கள். வெறுங்கையோடு நாற்காலியில் உட்காரவைத்தால் அந்தப் பாட்டு எப்படி வரும்? இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். கயிற்றின் ஒரு முனையை மணலில் ஏற்றிக் கிடக்கும் வள்ளத்தில் கட்டி, மறுமுனையை அப்பா கையில் கொடுத்து, பின்னால் நீங்கள் பிடியுங்கள். வயதானவர், பளுவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோவில் முகத்தோடு கைகளும் கால்களும் தெரியட்டும். எழுதும்போது எந்த எழுத்தில் கயிறு இழுபட்டது என்பதையும் குறித்து வையுங்கள், அச்சில் வந்த தொகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போனது அதுதான்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பாவுக்கு என் வணக்கம்.