மூன்று மாதம் அந்தச் சின்ன ஊரில் என்ன செய்வது?

கேள்வி: என் வயது 67. பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் இருக்கிறார்கள். இருவருக்கும் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனியில் வேலை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் கடைசி வரை நானும் மனைவியும் போய்த் தங்கப் போகிறோம். போய்வந்த உறவினர் ஒருவர், “அங்கே ஒன்றுமே கிடையாது, நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நயாகரா, நியூயார்க் டூரை இப்போதே புக் பண்ணிவிடு” என்கிறார். எனக்கு அங்கே கார் ஓட்ட முடியாது. மனைவிக்கு முழங்கால் வலி. பேரனுக்கு ஆறு வயது. அந்த ஊரில் பார்க்க உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் உறவினர் சொன்ன அந்த நாலு சுவரைப் பார்க்கத்தான் சார், உலகம் முழுவதிலிருந்தும் கட்டடக்கலை மாணவர்கள் அந்த ஊருக்கு வருகிறார்கள்! ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊரில், தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட நவீனக் கட்டடங்கள் மட்டும் ஏழு. வாழ்நாள் முழுக்க எஸ்டிமேட்டும் டெண்டரும் பார்த்த உங்களுக்கு நயாகராவைவிட இது பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

முதலில் கதையைக் கேளுங்கள். கிளெஸி கம்மின்ஸ் என்பவர் அந்த ஊர் வங்கி முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டியாக இருந்தவர், கைதேர்ந்த மெக்கானிக். முதலாளி கொடுத்த பணத்தில் 1919-ல் எஞ்சின் கம்பெனி ஆரம்பித்தார். பின்னால் அதை நடத்தியவர் அந்த முதலாளியின் குடும்பத்து வாரிசான ஜே. இர்வின் மில்லர். 1950-களில் ஊருக்குப் புதிய பள்ளிக்கூடங்கள் வேண்டியிருந்தன. மில்லர் என்ன செய்தார் தெரியுமா? “நல்ல ஆர்க்கிடெக்ட்களின் பட்டியல் ஒன்று தருகிறோம். அதிலிருந்து யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவருடைய கட்டணத்தை எங்கள் அறக்கட்டளை கொடுக்கும். கட்டுகிற செலவு மட்டும் உங்களுடையது” என்று ஒரு ஏற்பாடு வைத்தார். பள்ளியில் ஆரம்பித்தது தீயணைப்பு நிலையம் வரை போனது. குறைந்த தொகை சொன்னவனுக்கே வேலை என்ற விதியில் பாதி ஆயுளைக் கழித்த உங்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஐந்தாவது தெருவில் ஆரம்பியுங்கள். அங்கே ஈலியல் சாரினென் என்ற ஆர்க்கிடெக்ட் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச் இருக்கிறது. 1942-ல் திறந்தது. கூரான கோபுரம், வளைந்த ஜன்னல் ஒன்றும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த ஒரு பெட்டி, பக்கத்தில் தனியாக நிற்கும் 166 அடி மணிக்கூண்டு. முதல் பார்வைக்கு “இதுவா சர்ச்?” என்றுதான் தோன்றும். கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதிரே நூலகம், 1969-ல் ஐ.எம். பெய் கட்டியது. பாரிஸில் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு வைத்தாரே, அதே பெய்தான். நூலகத்துக்கு முன்னால் இருக்கும் திடலில் சிற்பி ஹென்றி மூரின் இருபது அடி வெண்கல வளைவு நிற்கிறது. அதற்கடியில் பேரன் ஓடி விளையாடலாம், யாரும் விசில் ஊதித் துரத்த மாட்டார்கள். உங்கள் மனைவி நூலகத்துக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பழைய இர்வின் யூனியன் வங்கி இருக்கிறது. 1954-ல் ஈலியலின் மகன் ஈரோ சாரினென் கட்டியது. கம்பி வைத்த கவுண்டருக்கு வெளியே வாடிக்கையாளர் நிற்கிற காலத்தில், சுற்றிலும் கண்ணாடி போட்டு, தரையிலிருந்து எல்லாவற்றையும் திறந்து வைத்துக் கட்டிய வங்கி. கூரையில் ஒன்பது சின்னக் குவிமாடங்கள். பின்னால் அது கம்மின்ஸின் கூட்ட அரங்காக ஆனது.

அதே ஈரோ கட்டிய நார்த் கிறிஸ்டியன் சர்ச் ஊரின் வட பக்கம் இருக்கிறது. அதற்கு மகள்தான் காரில் கூட்டிப் போக வேண்டும். அறுகோணக் கூரை தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடக்க, நடுவிலிருந்து ஊசி மாதிரி 192 அடிக்கு ஒரு கூர்முனை எழுகிறது. நம் பெரிய கோயில் விமானம் 216 அடி. இரண்டையும் பார்த்தவர் என்று ஊருக்குத் திரும்பிச் சொல்லிக்கொள்ளலாம். 1964-ல் இது திறக்கப்பட்டபோது ஈரோ உயிரோடு இல்லை, 1961-லேயே காலமாகிவிட்டார்.

இப்போதே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு: மில்லர் வீட்டுக்கு முன்பதிவு. மில்லர் குடும்பத்துக்காக ஈரோ 1957-ல் கட்டி முடித்த வீடு. நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. ஊரின் சுற்றுலா மையத்தில் டிக்கெட் வாங்கினால் அவர்களே கூட்டிப் போவார்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடத்தின் நடுவே தரையைப் பள்ளமாக்கி, நான்கு பக்கமும் மெத்தை போட்டு உட்கார்ந்து பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. நம் பழைய வீடுகளில் முற்றம் மழைக்கும் வெயிலுக்கும் தாழ்ந்திருக்கும், இங்கே பேச்சுக்குத் தாழ்ந்திருக்கிறது. அலெக்ஸாண்டர் ஜிரார்டு செய்த உள் அலங்காரத்தில் உங்கள் மனைவி மயங்கிவிடுவார். கால்வலி விஷயத்தை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

கட்டடம் பார்த்துச் சலித்தால் ஸஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை. கிரேக்கத்திலிருந்து வந்த சகோதரர்கள் 1900-ல் ஆரம்பித்தது. சலவைக்கல் மாதிரி மினுங்கும் பழைய சோடா மேடையும், காற்று ஊதி ஒரு வாத்தியக் கோஷ்டியையே தனியாக வாசிக்கிற ராட்சத இசைப்பெட்டியும் இருக்கின்றன. அது வாசிக்கும்போது பேரனைவிட நீங்கள்தான் வாய் பிளந்து நிற்பீர்கள். ‘ரூட் பீர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனைவி பதற வேண்டாம். அது வெறும் இனிப்புச் சோடா, எனக்கு அதில் இருமல் மருந்து வாசனைதான் வந்தது.

பேரனுக்குக் கிட்ஸ்காமன்ஸ் என்ற குழந்தைகள் அருங்காட்சியகம். அங்கே பெரிய கழிப்பறைக் கோப்பை ஒன்றுக்குள் இறங்கிச் சறுக்கி வெளியே வரலாம். ஆறு வயசுக்கு இதைவிடச் சிரிப்பு வேறென்ன வேண்டும்? ஆற்றோரத்து மில் ரேஸ் பூங்காவில் கோபுரமும் கூரை போட்ட பழைய மரப்பாலமும் இருக்கின்றன. கோபுரம் திறந்திருந்தால் பேரனும் மருமகனும் ஏறட்டும், நீங்கள் இருவரும் கீழே ஆறு பார்த்து உட்காருங்கள்.

கம்மின்ஸ் தலைமை அலுவலகத்தில் ஒரு எஞ்சினை ஒவ்வொரு உதிரிப்பாகமாகப் பிரித்து, அந்தந்த இடத்திலேயே அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மகளைக் கேளுங்கள், காட்டுவார். மகளும் மருமகனும் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த மாதிரியும் ஆகும்.

நகரப் பேருந்து உண்டு, ஆனால் நம் ஊர் மாதிரி அடிக்கடி வராது. நடுஊரில் மகள் காலையில் இறக்கிவிட்டால் மேலே சொன்னதில் பாதியை நடந்தே பார்க்கலாம். ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டடம், ஒரு பெஞ்ச். ஆகஸ்டில் சனிக்கிழமைச் சந்தையில் இண்டியானா இனிப்புச் சோளம் வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிச் சாப்பிடுங்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு வார இறுதியை மட்டும் பிடித்து வையுங்கள். மேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா. மலை முழுக்க இலைகள் சிவந்து மஞ்சளாகிக் கிடக்கும். காரில் இருந்தபடியே பார்க்கலாம் என்பதால் முழங்காலுக்கும் தொந்தரவில்லை. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் வடக்கே எழுபது கிலோமீட்டரில் இண்டியானாபொலிஸ். நயாகரா போக ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எல்லா வார இறுதியையும் நெடுஞ்சாலையில் செலவழிக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, டிக்கெட் எடுக்கும்போது ஒரு விஷயம். கொலம்பஸ் என்றதும் ஏஜென்ட் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸுக்குப் போட்டுவிடுவார். அது வேறு ஊர், பெரிய தலைநகரம், உங்கள் மகள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் பணம் கட்டுகிற நிமிடத்தில்தான் கண்டுபிடித்தார். நீங்கள் இறங்க வேண்டியது இண்டியானாபொலிஸ் விமான நிலையத்தில்.