போர்மேன் பதில்கள்: ஃபியூஸ் மாட்டியாச்சு, அப்புறம்?

சுரங்கம், குவாரி, கிரஷர் வேலையில் மின்சாரம் பற்றிய சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதி ஃபியூஸைப் பற்றித்தான். நெய்வேலிப் பக்கம் திறந்தவெளிச் சுரங்கத்தில் எலெக்ட்ரிகல் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புத்தகத்தைவிட பேனல் போர்டுதான் எனக்குப் பழக்கம், அந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: கிரஷரில் 50 ஹெச்.பி. மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு முழு சப்ளைக்கு மாற்றுவது). 125 ஆம்பியர் ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் அறுக்கும் பீங்கான் ஃபியூஸ்) அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது. எலெக்ட்ரீஷியன் 200 ஆம்பியர் மாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. அப்படியே விடலாமா?
– குவாரி உரிமையாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: குரைக்கிற நாயை அடித்துத் துரத்திவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 415 வோல்ட்டில் 50 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் 70 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அதைப் போல ஆறு மடங்கு. ஸ்டார்-டெல்டாவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த மோட்டாருக்கு 125 ஆம்பியர் சின்ன ஃபியூஸ் இல்லை. அப்படியிருந்தும் அது போயிற்று என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஜா-வுக்குள் (கல்லை நசுக்கும் தாடைக்குள்) கல் கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுகிறார்களா? ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் டைமரை யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா? மோட்டார் டெர்மினல் பெட்டியில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் லூசாகி, அதிர்வில் கேபிள் தோல் உரிந்திருக்கிறதா? இது எதுவும் இல்லையென்றால் ஃபியூஸ் மாட்டும் அடிப்பிடியைப் பாருங்கள். பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும், அந்தச் சூட்டிலேயே நல்ல ஃபியூஸும் சீக்கிரம் போகும். கிரஷர் தூசியில் இது சகஜம். ஒரு ஸ்பிரிங் பிடிப்பை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலையாகவும் இருக்கலாம்.

200 போட்டதில் கேபிளுக்கு ஆபத்து என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற கான்டாக்டர். ஓடுகிற கரண்டை ஆன்-ஆஃப் செய்யத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஷார்ட் சர்க்யூட்டை அறுக்கும் சக்தி அதற்குக் கிடையாது, அந்த வேலை ஃபியூஸுக்கு. அதனால்தான் எந்தக் கான்டாக்டருக்கு எத்தனை ஆம்பியர் வரை ஃபியூஸ் போடலாம் என்று ஸ்டார்ட்டர் கம்பெனி அட்டவணை தருகிறது. அந்த அளவை மீறினால், ஃபியூஸ் போவதற்குள் கான்டாக்ட் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய கான்டாக்டர் ஸ்டாப் பட்டனுக்குக் கட்டுப்படாது. சிவப்புப் பட்டனை அழுத்துவீர்கள், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் ஜா பக்கத்தில் கம்பியோடு கல்லை நெம்பிக்கொண்டு ஒருவன் நின்றால்?

125-ஐத் திரும்பப் போடுங்கள். மறுபடி போனால் எலெக்ட்ரீஷியனிடம் புது ஃபியூஸ் கேட்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் ஆளை மாற்றுங்கள். 200-ஐ அடையாளமாக அலமாரியில்கூட வைக்க வேண்டாம். இருந்தால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

கேள்வி: ஃபியூஸே வேண்டாம், எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்) போதும் என்கிறார் கான்டிராக்டர். சரியா?
– வாசகர், மேலூர்

பதில்: வீட்டுக்குச் சரி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே பேனல் இருக்கிற குவாரிக்குச் சரியில்லை. வீட்டு எம்.சி.பி.-யின் பக்கவாட்டில் 6000 அல்லது 10000 என்று அச்சடித்திருக்கும். அவ்வளவு ஆம்பியர் ஷார்ட் வரைதான் அதனால் அறுக்க முடியும். நல்ல ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் 80,000 ஆம்பியர் வரை தாங்கி அறுக்கும். விலையையும் உருவத்தையும் பார்த்தால் நம்ப முடியாதுதான்.

கேள்வி: என் மகன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக கேபிள் கேங்கில் சேர்ந்திருக்கிறான். மழைக் காலத்தில் சேற்றில் நின்றுகொண்டு கேபிளை இழுப்பார்களாம். "எல்லாத்துக்கும் ஃபியூஸ் இருக்கும்மா, பயப்படாதே" என்கிறான். பயப்படாமல் இருக்கலாமா?
– ஒரு தாய், மந்தாரக்குப்பம்

பதில்: அம்மா, உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை தப்பான ஆளை நம்பிக்கொண்டிருக்கிறான். ஃபியூஸுக்கு மனிதனைத் தெரியாது.

மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நிலையாகப் பாய்ந்தால் மூச்சும் இதயமும் ஆபத்துக்குள் போய்விடும். ஈர உடம்போடு 230 வோல்ட்டைத் தொட்டவன் வழியாக 200 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் பாயலாம். சின்னதாக ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸை வைத்துக்கொள்ளுங்கள். அது 5,000 மில்லி ஆம்பியர். ஆள் விழுந்து கிடப்பான், ஃபியூஸ் சூடுகூட ஆகியிருக்காது. கேபிள் எரியாமல், பேனல் வெடிக்காமல், பக்கத்தில் நிற்பவன் முகத்தில் தீப்பிழம்பு அடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஷாக் அதன் இலாகாவில் வராது.

சுரங்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. எர்த் ஃபால்ட் வந்தால், அதாவது கரண்ட் பூமிக்குக் கசிந்தால், பாயும் கரண்டை அங்கே வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டன்ஸ் போடுவது இதற்காகத்தான். பூமிக்கு அடியில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் 1,100 வோல்ட் வரையுள்ள சப்ளையில் அது 750 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. மெஷின் உடம்பில் கரண்ட் ஏறினாலும் அதைத் தொட்டவனுக்கு அடி குறைவாக இருக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தனை சின்னக் கரண்டில் எந்த ஃபியூஸும் போகாது. ஆகவே அந்தக் காவல் முழுக்க, கசிவைக் கண்டு சப்ளையை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் ரிலேயிடம் இருக்கிறது.

இன்னொரு காவல் அவன் கையில் இழுக்கும் கேபிளுக்குள்ளேயே இருக்கிறது. டிரெய்லிங் கேபிளில் (மெஷின் பின்னால் இழுபடும் கேபிள்) மூன்று பேஸ் கம்பி, ஒரு எர்த் கம்பி தவிர பைலட் என்று ஒல்லியாக ஒரு கம்பி ஓடும். மெஷினுக்குப் போகும் எர்த் அறுந்தாலோ, பிளக் கழன்றாலோ பைலட் சர்க்யூட் துண்டிக்கப்பட்டு சப்ளை தானாக விழுந்துவிடும். அவசரத்துக்கு பைலட்டை எர்த்தோடு முடிச்சுப் போட்டு மெஷினை ஓட்டுகிற புத்திசாலிகள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் எனக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே வேறு வேலைக்கு அனுப்பிவிடுவேன்.

மகனிடம் இதைக் கேளுங்கள். கேபிளைத் தொடுவதற்கு முன் எல்.சி. (லைன் கிளியர், சப்ளையை நிறுத்தியாச்சு என்ற அனுமதி) வாங்கினார்களா? எழுத்தில் வாங்கினார்களா, போனிலா? பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டிய சாவி யார் பையில் இருக்கிறது? ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்துவிட்டுப் போடுகிறானா? சப்ளை இருக்கும்போதே கேபிளை நகர்த்த வேண்டி வந்தால் கையால் தூக்குகிறார்களா, இன்சுலேட்டட் கொக்கியாலா? "போனில் சொன்னாங்க", "சாவி எங்கேயோ இருக்கும்" என்று பதில் வந்தால், நீங்கள் அவனைத் திட்டலாம். என் பேரைச் சொல்லியும் திட்டலாம்.

கேள்வி: போன ஹெச்.ஆர்.சி. ஃபியூஸை உடைத்துப் பார்த்தேன். உள்ளே மணல். ஏன் மணல்? வெறும் கம்பி போதாதா? எங்கள் வாத்தியார் "அணைக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.
– ஐ.டி.ஐ. மாணவர், விருத்தாசலம்

பதில்: தம்பி, உடைத்துப் பார்த்தாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும்.

அந்த மணல் சுத்தமான குவார்ட்ஸ். நடுவில் போகும் பட்டை வெள்ளி, அல்லது வெள்ளி பூசிய செம்பு. பட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, இடையிடையே குறுகலாக்கியிருப்பதைக் கவனித்தாயா? ஷார்ட் வந்ததும் குறுகிய இடங்களெல்லாம் ஒரே சமயத்தில் உருகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆர்க், அதாவது இடைவெளியைத் தாண்டும் மின் தீப்பொறி. அத்தனை ஆர்க்கும் தொடராக நிற்பதால் அவற்றின் வோல்ட்டேஜ் ஒன்றோடொன்று கூடி சப்ளை வோல்ட்டேஜை எதிர்த்துத் தள்ளும். அதே நேரத்தில் மணல் வெப்பத்தை உறிஞ்சித் தானும் உருகிக் கண்ணாடியாக இறுகும். ஷார்ட்டில் போன ஃபியூஸை உடைத்தால் பட்டை இருந்த தடத்தில் கண்ணாடிக் கட்டி கிடைக்கும். ஓவர்லோடில் மெதுவாகப் போனதில் அவ்வளவாக இருக்காது. ஃபியூஸ் எதனால் போனது என்று உடைத்தே ஊகிக்கலாம்.

இதில் அழகு, வேகம். நம் ஊர் சப்ளை 50 ஹெர்ட்ஸ், அரை அலைக்கு 10 மில்லி செகண்ட். ஷார்ட் கரண்ட் தன் உச்சிக்கு ஏறுவதற்குள்ளேயே ஹெச்.ஆர்.சி. அதை வெட்டிவிடும். பஸ்பாரை (பேனலுக்குள் கரண்ட் போகும் கனமான உலோகப் பட்டை) வளைக்கிற விசை கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரண்ட்டை உச்சியின் பாதி அளவிலேயே நிறுத்தினால் விசை கால்வாசி. பேனல் கதவு பறக்காததும், முன்னால் நிற்கும் ஆபரேட்டர் முகம் கருகாததும் இந்தச் சில மில்லி செகண்டால். ஷாக்குக்கு உதவாத ஃபியூஸ் ஆளைக் காப்பாற்றும் இடம் இது.

பட்டையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்திருக்குமே? ஈயம் கலந்த வெள்ளீயமோ, வெறும் வெள்ளீயமோ. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், செம்புக்கு 1,085. லேசான ஓவர்லோடு நெடுநேரம் நீடித்தால் அவ்வளவு சூடு ஏறுவதற்குள் பீங்கான் உடம்பே வெடித்துவிடும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிப் பட்டைக்குள் ஊறி, அந்த இடத்தை மட்டும் பலவீனமாக்கி முன்கூட்டியே அறுத்துவிடும். 1939-இல் மெட்காஃப் என்ற பொறியாளர் இதை விளக்கி எழுதினார். இன்றைக்கும் 'எம் எஃபெக்ட்' என்றுதான் பேர்.

கிட்கேட் கேரியரில் (பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை) நாம் சுற்றுகிற கம்பிக்கு இந்த வித்தை ஒன்றும் கிடையாது. எழுதியிருக்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால்தான் உருகும், உருகும்போது கொதிக்கும் துளியைத் தெறிக்கும். உடைத்த ஹெச்.ஆர்.சி.-யில் கம்பி வைத்து ஆற்று மணல் போட்டு மூடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதே. ஈரமும் இடைவெளியும் உள்ள மணல் ஆர்க்கை அணைக்காது.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். உள்ளே டிரில் எல்லாம் அழுத்திய காற்றில்தான் ஓடியது என்பார். கரண்ட் இருந்தும் ஏன் காற்று?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: கரண்ட் நன்றாகவே இருந்தது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் லைன் இழுத்து 1902-லேயே கோலாருக்கு மின்சாரம் கொண்டு வந்துவிட்டார்கள். அப்போது பெங்களூரில் தெருவிளக்குகூட மின்சாரத்தில் எரியவில்லை.  

டிரில் பிடிக்கிறவன் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். உடம்பெல்லாம் வியர்வை, காலடியில் தண்ணீர், கையில் இரும்பு. அங்கே கரண்டைக் கொடுக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. டிரில்லிலிருந்து வெளியேறும் காற்று விரிந்து குளிர்ந்து கொஞ்சம் இதம் தரும், அது கொசுறு. கையில் பிடிக்கும் கருவிக்கு வோல்ட்டேஜைக் குறைப்பது என்ற அதே யோசனைதான் இன்றைய விதிகளிலும் இருக்கிறது. சுரங்கத்தில் கை டிரில்லுக்கு 125 வோல்ட், கைவிளக்குக்கு 30 வோல்ட் உச்சவரம்பு. தாத்தா சொன்னது சரி.

கேள்வி: நெய்வேலி பக்கெட் வீல் மெஷினுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவார்கள்?
– எட்டாம் வகுப்பு மாணவி, வடலூர்

பதில்: ஒரு பக்கெட் 1,400 லிட்டர் மண் அள்ளும் மெஷின், கண்ணு. கேபிள் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டில் சப்ளை ஏறுகிறது. அதற்கு ஒரே ஃபியூஸ் கிடையாது. பிரேக்கரும் ரிலேயும் காவல். ஆனால் மெஷினுக்கு உள்ளே வந்தால் ஃபியூஸ்கள் ஏராளம். கன்ட்ரோல் சர்க்யூட்டில் சுண்டுவிரல் சைஸுக்கு இரண்டு ஆம்பியர், மோட்டார் கான்டாக்டருக்கு முன்னால் உன் தண்ணீர் பாட்டில் சைஸுக்கு ஒன்று. பெரிய ஃபியூஸில் ஸ்டிரைக்கர் என்று ஒரு குச்சி உள்ளே இருக்கும். ஃபியூஸ் போனதும் அது வெளியே எட்டிப் பார்த்து ஒரு லீவரைத் தட்டி, மூன்று பேஸையும் சேர்த்து நிறுத்திவிடும்.

கேள்வி: மூன்றில் ஒரு ஃபியூஸ்தான் போனது. டெஸ்டர் வைத்தால் மூன்றிலும் எரிகிறது. எது போனது என்றே தெரியவில்லை. மூன்றையும் மாற்று என்கிறார் சூப்பர்வைசர். வீண் செலவுதானே?
– எலெக்ட்ரீஷியன், அரியலூர்

பதில்: மோட்டார் கனெக்‌ஷனில் இருக்கும்போது டெஸ்டரை நம்பாதீர்கள். போன ஃபியூஸின் அந்தப் பக்கத்துக்கு மற்ற பேஸிலிருந்து மோட்டார் வைண்டிங் வழியாகத் திரும்பி வோல்ட்டேஜ் வரும், நியான் பளிச்சென்று எரியும். ஆஃப் செய்து, பூட்டி, மூன்றையும் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். லோடு ஓடும்போது கேரியரை இழுக்கவே கூடாது.

ஒரு பேஸ் போயும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் 1.7 மடங்கு கரண்டை இழுத்திருக்கும். அந்த இரண்டின் பட்டையும் சூடேறி இளைத்திருக்கலாம், வெளியே தெரியாது. ஷார்ட்டில் போயிருந்தாலும் இதே கதை. சூப்பர்வைசர் சொல்வதைக் கேளுங்கள், மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே ரேட்டிங்காக இருக்கட்டும். கூடவே சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் கருவி) வேலை செய்கிறதா என்று பாருங்கள். மோட்டார் இரண்டு பேஸில் ஓடியது என்றாலே அது தூங்குகிறது என்று அர்த்தம்.