கல்முனையில் பதிவு செய்த டே கெயார் தொடங்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: பாலர் பாடசாலையில் சில வருடம் கற்பித்திருக்கிறேன். கல்முனையில் எங்கள் வீட்டிலேயே முறையாகப் பதிவு செய்த டே கெயார் தொடங்க ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தங்கச்சி, நான் கல்லடியில் டே கெயார் நடத்துகிறேன். படிவம் தேடிப் போகுமுன் ஒன்றை முடிவெடுங்கள்: எந்த வயதுப் பிள்ளைகளை எடுக்கப் போகிறீர்கள்? வீடு, ஆள், நேரம், கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாலர் பாடசாலைப் பிள்ளைக்கு மூன்று வயதாகியிருக்கும். தானே சாப்பிடும், வயிறு வலித்தால் சொல்லும், மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடும். டே கெயாரைத் தேடி முதலில் வருவது நான்கு மாதக் கைக்குழந்தையின் தாய். மகப்பேற்று விடுமுறை 84 வேலை நாட்கள். அது முடிந்ததும் அவளுக்கு வேறு வழியில்லை. உங்கள் ஊரில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி, கந்தோர்கள், வங்கிகள், பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கைக்குழந்தையோடு வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பது என் கணக்கு. ஒருவருக்குப் பால் கொடுக்கும்போது இன்னொருவர் அழுவார், மூன்றாமவருக்குத் துணி மாற்ற வேண்டும். நான்காவது பிள்ளையைப் பார்க்கக் கை இருக்காது. நடக்கத் தொடங்கியவர்களில் நான்கைந்து பேரை ஒருவர் பார்க்கலாம். மூன்று வயது தாண்டினால் பத்துப் பேர் வரை சமாளிக்கலாம். அதிகாரிகள் இதைவிடக் கூடுதலாக ஆள் கேட்டால் அதன்படியே வையுங்கள்.

இப்போது பணம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஒரே ஒரு ஊழியர் என்றாலும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் நீங்கள் கட்ட வேண்டும். ஆக ஒருவருக்கு 34,500. அதை மூன்று கைக்குழந்தைக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 11,500. சாப்பாடு, கரண்ட் பில், சவர்க்காரம், உங்கள் உழைப்பு எதுவும் இதில் சேரவில்லை. “பக்கத்தில் ஆறாயிரத்துக்குப் பார்க்கிறார்கள்” என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு ஆளிடம் எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தனிக் கட்டணம் வையுங்கள், அதில் பேரம் வேண்டாம். பெரிய பிள்ளைகளையும், பள்ளி விட்டு வருபவர்களையும் சேர்த்தால் கணக்கு நேராகும்.

நேரத்தையும் தாய்மாரின் வேலையைப் பார்த்தே வையுங்கள். ஆசிரியை 7.30க்குப் பாடசாலையில் நிற்க வேண்டும், கந்தோர் 4.15க்கு முடியும், தாதியின் காலை முறை 7 மணிக்கே தொடங்கும். எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் ஆசிரியையும் தாதியும் வரமாட்டார்கள். இன்னொரு விஷயம்: மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை ஒன்பது மணித்தியாலத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. வேலையிடம் பக்கத்தில் என்றால் அவள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக மறைவான ஒரு மூலையும் ஒரு கதிரையும் வையுங்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கறந்து கொண்டுவரும் பாலைப் பெயரும் நேரமும் எழுதி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், நம்மூர் வெயிலில் வெளியே வைத்துப் பார்க்காதீர்கள்.

வீட்டில் நான் முதலில் பார்ப்பது கிணறு. நம் பக்கத்து வளவுகளில் கிணறு இல்லாத வீடு குறைவு. கட்டு உயரமாக இருந்தாலும் மேலே இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய வாளி கூடத் தவழும் பிள்ளைக்கு ஆபத்து. மாரியில் வளவுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று யோசியுங்கள்; கார்த்திகை, மார்கழியில் உள்ளே வந்தால் அந்த நாட்களில் மூடத்தான் வேண்டும், மழை விட்டதும் டெங்கு நுளம்பு வரும். தூங்க வைக்கும்போது கைக்குழந்தையை மல்லாக்காக, உறுதியான மெத்தையில், தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள். ஏணை வீட்டுக்குச் சரி, பல பிள்ளைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

சரி, பதிவு. பாலர் பாடசாலை மாகாணத்தின் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தின் கீழ் வரும். டே கெயாருக்கு முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கள வேலைக்குப் போயிருப்பார்கள், போன் பண்ணிவிட்டுப் போவது நல்லது. கிழக்கு மாகாணத்துக்குத் தனியாக நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இருப்பதால், கொழும்பில் பதிவு செய்தவர் சொல்லும் படிவமும் நடைமுறையும் இங்கே அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பகல் பராமரிப்பு நிலையங்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்றிதழ், வீட்டு உறுதி, ஊழியர்களின் தகைமை ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கச் சமையலறையும் கழிப்பறையும் தயாராக இருக்கட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவும் பிரதேச செயலகத்தில்தான், ஆனால் அது டே கெயார் நடத்தும் அனுமதி ஆகாது.

பிள்ளையைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். யார் யார் கூட்டிப் போகலாம் என்று பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு தாயிடம் எழுதி வாங்குங்கள். எழுதாத ஆள் மாமாவாக இருந்தாலும் தாயிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும். வீட்டில் வந்து போகும் ஆண்கள் உட்பட எல்லோருக்கும் பிள்ளைகளின் அறை தடை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுவரில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்.