வீட்டிலும் நீங்கள் 'சார்' தானா?

கேள்வி: கொல்கத்தா, கோவா கிளப்புகளில் ஒன்பது ஆண்டுகள் தொழில்முறைக் கால்பந்து ஆடினேன். முழங்காலில் தசைநார் கிழிந்ததால் 31 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது வட சென்னையில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். 12 வயது மகனும் என்னிடமே பயில்கிறான். மைதானத்தில் மற்றவர்களைப் போல 'சார்' என்பான். வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. சில மாதங்களாக முட்டி வலி என்று சாக்குச் சொன்னவன், இப்போது கால்பந்தே வேண்டாம் என்கிறான். இத்தாலியக் கால்பந்து வீரர் சிசாரே மால்தினி தன் மகன் பாவ்லோவை உருவாக்கியதுபோல இவனை உருவாக்க நினைத்தேன். இவனை எப்படி மீண்டும் மைதானத்துக்கு அழைத்து வருவது?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: நீங்கள் கேட்ட வழியை நான் சொல்லப் போவதில்லை. 'வீட்டிலும் அதுவே பழகிவிட்டது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மைதானத்தில் 'சார்' என்று அழைக்கச் சொன்னது சரிதான். அத்தனை பிள்ளைகள் நடுவே ஒருவன் மட்டும் 'அப்பா' என்று கூப்பிட்டால் மற்றவர்களுக்குப் பாரபட்சமாகத் தோன்றும். ஆனால் மாலையில் வீடு திரும்பி, ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்த பிறகும் எதிரில் இருப்பவரை 'சார்' என்று அழைக்கும் பிள்ளைக்கு அந்த வீட்டில் தகப்பன் எங்கே? அது தானாகப் பழகியது என்கிறீர்கள். முதல் நாளே 'அப்பா என்று கூப்பிடுடா' என்று நீங்கள் சொல்லியிருந்தால் பழகியிருக்காது. மரியாதை என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கிறீர்கள்.

முட்டி வலியைச் சாக்கு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? முழங்காலால் தொழிலையே இழந்தவர் நீங்கள். அடுத்த ஒப்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் வலியை மறைத்து ஆடுவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வழக்கம்தான். அந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது. வேகமாக உயரம் கூடுகிற இந்த வயதில், ஓடியாடும் பிள்ளைகளுக்குத் தொடையின் முன்தசை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பை இழுத்து இழுத்து, அந்த இடம் புடைத்து வலிப்பது அடிக்கடி காணப்படுவது. மருத்துவர்கள் இதை ஆஸ்குட்-ஸ்லாட்டர் என்பார்கள். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் வலி குறையும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். உங்கள் மகனுக்கு இருப்பது இதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவனை நீங்கள் மருத்துவரிடம் காட்டியதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வலிக்கிறது என்று சாரிடம் சொன்னான், சார் நம்பவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அப்பாவும் அதே சார்தான். அவன் வேறு எங்கே போவான்?

மால்தினி குடும்பத்தை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். தந்தை 1963இலும் மகன் 2003இலும் மிலான் கிளப்பின் அணித் தலைவர்களாக ஐரோப்பியக் கோப்பையை உயர்த்தியது உண்மை. எனக்கும் பிடித்த வரலாறு அது. ஆனால் பாவ்லோ 1978இல், பத்து வயதில், மிலான் சிறுவர் அணியில் சேர்ந்து வேறு பயிற்சியாளர்களிடம்தான் வளர்ந்தார். 1985இல் 16 வயதில் அவரை முதன்முதலாக மூத்தோர் அணியில் இறக்கியவர் அப்போதைய மிலான் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம். அதற்குப் பிறகுதான் தந்தை, இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும், பின்னர் 1998 உலகக் கோப்பையிலும் மகனுக்குப் பயிற்சியாளரானார். பிள்ளைப் பருவம் முழுவதும் சிசாரே அவருக்கு அப்பாவாகத்தான் இருந்தார். நீங்கள் அந்தக் கோப்பைகளை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

ஊரார் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியாளராக இருப்பது பெரிய காரியம்; உங்கள் பகுதிக்கு உங்களைப் போன்றவர்கள் நிச்சயம் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் இல்லாவிட்டால் இன்னொரு பயிற்சியாளர் வருவார். உங்கள் மகனுக்கு இன்னொரு அப்பா வரமாட்டார். பெற்றவனின் கடமைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இந்த வாரமே அவனை எலும்பு மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். மனைவியையோ உதவியாளரையோ அனுப்பாமல் நீங்களே போங்கள். அதற்காக ஒருநாள் பயிற்சி நின்றால் நிற்கட்டும். போகும் வழியில் கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவனை நம்பாமல் இருந்ததற்கு வாய்விட்டு மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த போட்டிக்கான பட்டியலில் அவன் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். தண்டனையாக அல்ல, அவன் கேட்டதற்காக நீக்கியதாக அவனிடமே சொல்லுங்கள். பின்னாளில் அவனாக ஆடவேண்டும் என்று வந்தால், வேறொரு பயிற்சியாளரிடம் சேர்த்துவிட்டு, மற்றப் பெற்றோர்களைப் போல நீங்களும் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.