இரண்டு டிஸ்புரோசியம் அயன்கள் சேர்ந்தால் காந்தம் வலுப்பெறுமா?

ஒற்றை மூலக்கூற்றுக் காந்தத்தில் (தனி மூலக்கூறே சிறு காந்தமாக நடக்கும் சேர்வையில்) டிஸ்புரோசியம் போன்ற ஓர் இலந்தனைட்டு (அருமண் உலோக) அயனுக்குப் பதிலாக இரண்டை வைத்தால் அவற்றின் இடைத்தாக்கம் காந்தத்தை வலுப்படுத்துமா, குளிரக் குளிரக் காந்த அளவீட்டு வளைகோடு கீழிறங்குவது அந்த இடைத்தாக்கத்தின் அடையாளமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதும் மாணவர் என்று எண்ணுகிறேன். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் ஒருமுறை சரியான விடை சொல்லியும் அவமானப்பட்டிருக்கிறேன். ஆகவே பதில் சற்று நீளும்.

முதற் பாதிக்கு விடை: அயன்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் வலுப்பெறாது. காந்தத்தன்மையைத் தரும் 4எஃப் இலத்திரன்கள் 5எஸ், 5பி இலத்திரன்களுக்கு உள்ளே அடங்கியிருப்பதால், ஒட்சிசன் போன்ற சாதாரணப் பாலங்களூடாக நிகழும் இடைமாற்று இடைத்தாக்கம் (இலத்திரன்கள் வழியே அயன்கள் ஒன்றையொன்று திசைப்படுத்துவது) மிகச் சிறியது. அதனுடன் ஒப்பிடத்தக்கதாக, பல வேளைகளில் அதனிலும் பெரியதாக இருப்பது இருமுனை இடைத்தாக்கம், அதாவது இரண்டு சிறு காந்தங்கள் வெளியூடாக ஒன்றையொன்று இழுப்பதும் தள்ளுவதும். 0.4 நனோமீற்றர் இடைவெளியில், காந்த அச்சுகள் இரண்டும் அயன்களை இணைக்கும் கோட்டிலேயே அமைந்தால், அதன் சக்தி, வெப்பநிலை அலகில் சொன்னால், ஏறத்தாழ 2 கெல்வின் அளவே வரும். இடைவெளி இரட்டித்தால் எட்டிலொன்றாகும். சமாந்தரமான அச்சுகள் அக்கோட்டுடன் 54.7 பாகை சாய்ந்தால் முற்றாக இல்லாமற்போகும். தனி அயனில் பளிங்குப் புலம் (சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம்) காந்தம் திசைமாறாதபடி உண்டாக்கும் தடையோ, 2018 இல் வெளிவந்த, 80 கெல்வினிலும் காந்த நினைவை (புறப்புலத்தை நீக்கிய பின்னும் காந்தத்தன்மை மீந்திருப்பதை) தக்கவைத்த டிஸ்புரோசியச் சேர்வையில், 2000 கெல்வினைத் தாண்டியது. அதில் இருந்தது ஒரேயொரு அயன்.

ஆயினும் அந்தச் சிறிய இடைத்தாக்கத்தைப் புறக்கணிக்க முடியாது. எங்கள் வயல்களில் நுகத்தில் பூட்டாத மாடு நினைத்த பக்கம் திரும்பும்; பூட்டிய சோடியில் ஒன்று திரும்ப வேண்டுமானால் மற்றதும் கூடவே திரும்ப வேண்டும். புறக்காந்தப்புலம் இல்லாதபோது தனி அயன் தடையை ஏறாமலே குவாண்டம் சுரங்கவழியாகத் திசைமாறிவிடுவதுண்டு. பிணைந்த இரண்டு அயன்கள் ஒருசேரத் திசைமாறுவது அதனிலும் அரிது. நுகம், அதாவது அந்த இடைத்தாக்கம், மெலிதாக இருந்தால் சில கெல்வினுக்கு மேல் அந்தப் பாதுகாப்பு நிலைக்காது. வலிய நுகத்துக்கு 2011 இல் ஒரு வழி காட்டப்பட்டது: மூன்று மறை ஏற்றமுடைய நைதரசன் மூலிகம் (சோடி சேராத இலத்திரன் கொண்டது) இரண்டு தெர்பியம் அயன்களுக்கு இடையே பாலமாகி, ஏறத்தாழ 14 கெல்வின்வரை காந்த நினைவைத் தந்தது. 2022 இல் இரண்டு டிஸ்புரோசியம் அணுக்களுக்கு இடையே ஓர் இலத்திரன் பகிரப்பட்ட சேர்வையில், காந்தத்தை அழிக்க 60 கெல்வினிலும் 14 தெசலாவுக்கு மேற்பட்ட புலம் தேவைப்பட்டது. இவ்விரண்டிலும் பிணைக்கும் வேலையைச் செய்வது இடையில் நிற்கும் இலத்திரனே.

இனி என் கதை. நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். 2009 இற்குப் பின்னர் மீளத் திறந்த பாடசாலையொன்றில், தகரக் கொட்டகையில் இருந்து உயர்தரம் படித்தேன். இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் இரசாயனவியல் கற்பிக்கிறேன். பல்கலைக்கழக இறுதியாண்டில் எனக்குக் கிடைத்தது ஒட்சிசன் பாலமுடைய இரட்டை டிஸ்புரோசியச் சேர்வை. அளக்கும் கருவி எங்களிடம் இல்லாததால் தரவு வெளிநாட்டிலிருந்து வந்தது. காந்த ஏற்புத்திறனையும் (புறப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவையும்) வெப்பநிலையையும் பெருக்கிய பெறுமானம் அறைவெப்பநிலையில், இரண்டு சுயாதீன அயன்களுக்கு எதிர்பார்க்கப்படும் 28.3 கன செ.மீ. கெல்வின்/மூல் என்பதை ஒட்டியிருந்து, குளிரக் குளிர மெல்ல இறங்கியது. அயன்கள் எதிரெதிர்த் திசையில் பிணைந்துள்ளன என்று எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டது.

நான் வேறு விதமாக எழுதினேன். டிஸ்புரோசியத்தின் அடிமட்டத்தில் (மிகக் குறைந்த சக்தி மட்டத்தில்) உள்ள பதினாறு நிலைகளைப் பளிங்குப் புலம் எட்டுச் சோடிகளாகப் பிரிக்கிறது; குளிரும்போது மேற்சோடிகள் வெறுமையாகிவிடுவதால், பக்கத்தில் துணை அயன் இல்லாத தனி டிஸ்புரோசியமும் இதே இறக்கத்தைக் காட்டும். அந்தப் பந்தி வெட்டப்பட்டது. வாய்மொழிப் பரீட்சையில் அதை நான் மீண்டும் சொன்னபோது, ஆய்வுகூடமே காணாமல் வன்னியிலிருந்து வந்த பிள்ளைக்கு இது விளங்காது என்று எல்லோர் முன்னிலையிலும் கூறப்பட்டது. அந்தச் சொல் இன்றைக்கும் என்னுள் ஆறவில்லை. பெரியவர்களைக் குறைகூறுகிறேன் என்று இதைப் படிப்போர் கருத வேண்டாம். இறக்கத்தைப் பார்த்தவுடன் எதிர்ப்பிணைப்பு என்று எழுதுவது அச்சேறிய கட்டுரைகளிலும் இருந்த பழக்கந்தான். என் கோபம் அந்த விளக்கத்தின்மீது அல்ல. ஊரைச் சொல்லிக் கேள்வியை மூடியதன்மீதே.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் அதே அமைப்புடைய கடோலினியச் சேர்வையை ஆக்குவேன். அதன் அடிமட்டத்துக்கு ஒபிற்றல் கோண உந்தம் (இலத்திரன்களின் சுற்றியக்கம் தரும் பங்கு) இல்லாததால் பளிங்குப் புலத்தின் குழப்பம் மிகக் குறைவு. இறக்கத்தில் இடைமாற்றின் பங்கைப் பெரும்பாலும் நேராக வாசிக்கலாம். பிறகு காந்தத்தன்மையற்ற யித்திரியத்தில் சிறிதளவு டிஸ்புரோசியத்தைக் கலந்து அளப்பேன். அந்த மாதிரியில் டிஸ்புரோசியத்துக்கு அருகில் பெரும்பாலும் யித்திரியமே இருக்கும் என்பதால், அங்கும் அதே இறக்கம் தெரிந்தால் அது தனி அயனின் இயல்பு. இவை இரண்டும் கைவசம் இல்லையானால், அச்சுகளின் திசையைக் கணித்து இருமுனைப் பங்கை மட்டும் எழுதுங்கள். இடைமாற்றின் வலுவைக் குறிக்கும் மாறிலிக்கு எண் கொடுக்க வேண்டாம். அச்சுகளின் கோணமும் அயன்களுக்கு இடையிலான தூரமும் உங்களிடம் இருந்தால் இங்கே இடுங்கள், கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன்.